பெட்டியில் இல்லாத வசனம்

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

மேசைமேல் அம்மாவின் கைப்பேசி குப்புறக் கிடந்தது, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன், பிறகுதான் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, எழுதுடி என்றார். ஆண்டவர் கிருபையால் இங்கே மாசாயில் நாங்கள் இரண்டு பேரும் சுகம், பெர்த் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல லோஷினி எழுதுகிறேன். அம்மாவுக்கு அச்செழுத்துதான் வாசிக்க வரும், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட என் கிறுக்கல் வராது, அதனால் நடுவில் என் பேச்சையும் சேர்க்கிறேன், காட்டிக்கொடுக்காதே.

நம் நாசி லெமாக் சோற்றுக் கடை பரவாயில்லையாம். சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. இனி சர்ச்சுக்குப் போகமாட்டேன் என்று நீ கிறிஸ்மஸ் அன்று சொன்னதை அம்மா மறக்கவில்லை. உங்கப்பாவை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயித்துக்கிழமையே நான் முன்வரிசையில போய் உக்காந்தேன், இவனுக்கு என்ன வந்துச்சாம் என்கிறார். வேதத்தில் கடலைக் கடந்து வந்தவர்களே வனாந்தரத்தில் விழுந்துபோனார்களாம், கடந்தது பெரிதில்லை, போய்ச் சேர வேண்டுமாம். மனசு ஒரே நாளில் கல்லாகாதாம், சம்பல் சட்டியைக் கழுவாமல் போட்டால் மறுநாள் கரண்டியால் சுரண்டுகிறோமே, அப்படித்தானாம்.

புத்தாண்டு ஆராதனையில் உனக்காக, வசன அட்டைகள் போட்ட வாக்குத்தத்தப் பெட்டியில் அம்மாதான் அட்டை எடுத்தார். ஆசீர்வாத வசனம் வந்தது. இவனுக்கு இது எதுக்கு என்று திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார், அதுவும் ஆசீர்வாதம். மூன்றாவது முறை கையை விட்டபோது பாஸ்டர், சிஸ்டர், ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் லா என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தப் பெட்டியில் எச்சரிப்பு வசனமே கிடையாது. அதனால் இன்று என்னையே ஒரு அட்டையில் எழுத வைத்தார், அவர் குரல் இன்று கேட்டால் உன் இருதயத்தைக் கடினப்படுத்தாதே என்று, அச்சு மாதிரி எழுது, நானும் வாசிச்சுப் பார்க்கணும் என்று, சரியாக வராத மூன்று அட்டையைக் கிழிக்க வைத்தார்.

இது என் பேச்சு. மூன்று ஞாயிறாக நீ கூப்பிடுகிறாய், அம்மா உன் பெயரைப் பார்த்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறார். எடுத்தா அழுதுடுவேன், அப்புறம் அவன் ஜெயிச்சிடுவான் என்கிறார். நீயோ, இந்த ஞாயிறுதான் கடைசி, அதுக்கு மேல அவங்களே கூப்பிடட்டும் என்று எனக்குச் செய்தி போடுகிறாய். அலமாக், யாரிடம் சொல்வது? ஞாயிறு வர நான்கு நாள்தான், இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும். உங்கள் இருவருக்கும் நடுவில் எனக்குத்தான் தலைவலி.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. அட்டையைத் தலைமாட்டில் வை என்கிறார் அம்மா.

உன் நலத்துக்காக முழங்காலில் நிற்கும்
அம்மா, கஸ்தூரி

அண்ணே, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார். உறையில் அட்டையைத் தேடாதே. பசை தடவி, குப்புறக் கிடந்த கைப்பேசியின் முதுகில் ஒட்டிவிட்டேன்.