நீலத் தண்ணீரில் இரும்பு அடைப்பு

மார்ச் 11
எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். "இந்த அடைப்பு நிக்காது, எழுதி வெச்சுக்கோ" என்று தங்கச்சியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இன்று தொட்டியின் அடியில், அடைப்பு போட்ட ஓட்டையில் ஒழுக்கு. உள்ளே இருப்பது தாதுக்கல்லை அமிலத்தில் ஊறவைத்து இறக்கிய நீலத் தண்ணீர். அவளுடைய இந்த வருஷத்துச் செம்பு முழுக்க அதில்தான் கரைந்து கிடக்கிறது. அது போனால் அவள் செம்பு எடுக்கிற கொட்டகையைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

அடைப்பைப் போட்டது நான். அது வேறு விஷயம்.

மார்ச் 12
போன மாசம் பழைய மர அடைப்பு உளுத்துவிட்டதே என்று, கொல்லரிடம் சொல்லி உலக்கை கனத்துக்கு இரும்பில் செய்து இறக்கினேன். நீலத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டுத்தானே செம்பை எடுக்கிறோம், தெரியாதா எனக்கு? இரும்பு கரைந்து உள்ளே போகும், செம்பு வெளியே வந்து ஒட்டும். பஸ்ஸில் முரடன் ஏறினால் சாது எழுந்து இடம் விடுகிற கதை. துத்தநாகம் இரும்பைவிட முரடு. வெள்ளி செம்பைவிடச் சாது. பள்ளியில் வாத்தியாருக்கே இதை நான்தான் விளக்கினேன். ஆனால் அடைப்பின் காம்பு செக்கச்செவேலென்று ஆனதும், செம்புச் சட்டை மாட்டிக்கொண்டது, இனி அசையாது என்று நினைத்துவிட்டேன். சட்டைக்குள்ளே ஆள் கரைந்துகொண்டிருந்திருக்கிறான்.

மார்ச் 13
தங்கச்சி ஒழுக்குக்கு அடியில் வாளி வைத்தாள். மாப்பிள்ளைதான் பேசினார்: "மச்சான், அந்த ஓட்டைய உங்க வாய வெச்சு அடைச்சிருக்கணும். அது என்னிக்கும் கரையாது."

மார்ச் 14
போச்சு. அடைப்பு உடைந்து மொத்தமும் வாய்க்காலில். கீழே மாடுகள் குடிக்கிற ஓடை! மூவரும் மண்ணை வாரி வாரிப் போட்டு மறித்தோம். முழங்கால் ஆழத்துக்கு நீலம் தேங்கி நிற்கிறது. எத்தனை நாள் தாங்கும் வெறும் மண்? பழைய இரும்பு வண்டி வர இன்னும் ஒரு வாரமாம். ஐயோ, என்னடா பண்ணி வெச்சிருக்க —

வீட்டுக்கு ஓடினேன். கையில் கிடைத்த இரும்பையெல்லாம் தூக்கிவந்து நீலத்துக்குள் போட்டோம்: கட்டில், ஜன்னல் கம்பி, கடப்பாரை, கடைசியில் என் சைக்கிள்.

"அண்ணே, சைக்கிளுமா?"

"போடும்மா. நடந்தா தொப்பை குறையும்."

மார்ச் 15
தூங்கவில்லை. மண் கசிகிறதா, கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மார்ச் 22
மண் தாங்கிவிட்டது. ஓடைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. சைக்கிளில் கைப்பிடி மட்டும் மிச்சம். அடியில் செம்மண் மாதிரி படிந்த செம்பைச் சுரண்டி அள்ளினோம். உருக்குகிறவர் விரலால் நசுக்கிப் பார்த்து, "பாதிக்கு மேல தேறும்" என்றார். தங்கச்சி அப்போதுதான் அழுதாள்.

மார்ச் 25
கொட்டகை திறந்தாயிற்று. புது அடைப்பு மரத்தில். "நீ கொஞ்சம் தள்ளி நில்லுண்ணே" என்று அவளே இறக்கினாள்.

பதினோராம் தேதி எழுதியதில் ஒன்று மட்டும் இட்டுக்கட்டியது. "இந்த அடைப்பு நிக்காது, எழுதி வெச்சுக்கோ" என்று சொன்னவள் அவள். நான் சிரித்தேன். பிறகு என் பேரில் எழுதிக்கொண்டேன்.