பதிவேட்டில் நீ எழுதிய பெயர்

தீவுச் சிகிச்சை முகாம்,
8.3.1961

அன்பு மரகதத்துக்கு,

கை நடுக்கம் நின்றுவிட்டது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

குதிரை உதைத்த இடுப்பு வலிக்கு என்று நாம் இருவரும் வேலை பார்த்த மிருக ஆஸ்பத்திரியில் நான் திருடிப் போட்டுக்கொண்டு அடிமையாகிப்போன மார்ஃபின் ஊசியை, செத்துப்போன ஒரு நாயின் கணக்கில் நீ எழுதியிருக்கலாம். டாக்டர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். மருந்துப் பதிவேடு எழுதும் நீயோ 'எந்த மிருகத்துக்கு' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினாய். இனி உன் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்றிருந்தேன்.

பிறகு போலீஸ்காரர் பதிவேட்டைக் காட்டினார். பெயரோடு நீ நிறுத்தியிருக்கலாம். உன் வேலையும் போகும் என்று தெரிந்தே, பக்கத்தில் 'என் கணவர்' என்றும் எழுதியிருந்தாய். அந்தத் தைரியம் எனக்கு வராது, மரகதம்.

வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். வீட்டுக்கு வரலாமா?

பதிவேட்டில் உள்ளபடி,
உன் கணவர்