தலைப்பிரசவம் தாப்பாவில்

சுங்கை மெரா தோட்டம்,
தாப்பா, பேரா.
10-6-1928

பிரியமுள்ள அண்ணனுக்கு, தங்கை ராக்காயி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கேட்டுக் கேட்டு என் கை வலிக்கிறது, அதற்கு மட்டும் நீங்கள் பதில் எழுதுவதாக இல்லை.

எனக்கு ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் புறப்பட்டு வா, நாகப்பட்டினத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. உங்கள் ஆசை எனக்குத் தெரியாதா? ஆனால் நான் வரவில்லை அண்ணே. இங்கேயே பெற்றுக்கொள்கிறேன்.

அரசாங்கத்தில் புதுச் சட்டம் ஒன்று யோசிக்கிறார்களாம். வெளியிலிருந்து வந்தவர்களில், பல வருஷம் விட்டுப்போகாமல் இருந்தவர்களுக்கு மட்டும்தான் இங்கே நிரந்தரமாகத் தங்க உரிமையாம். எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர், பத்திரிகையைப் படித்துச் சொன்னார். "பிள்ளைப்பேறுக்குப் போறதும் விட்டுப்போறதும் ஒண்டுதான் ராக்காயி. திரும்பி வந்தா முதலிலயிருந்துதான் எண்ணுவினமாம்" என்றார். அதனால்தான்.

கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தங்கை,
ராக்காயி


மேலூர்,
மதுரை ஜில்லா.
5-7-1928

அன்புத் தங்கச்சி ராக்காயிக்கு, அண்ணன் மாயாண்டி ஆசீர்வாதம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. உன் கடுதாசியைப் படித்துக் காட்டியதிலிருந்து நெஞ்சுவலிதான்.

தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பார்கள்? வளையல் அடுக்க ஆள் சொல்லி, கறுப்பு ஆடு ஒன்று நேர்ந்துவிட்டிருக்கிறேன். அண்ணன் ஒருத்தன் இருந்தும் தங்கச்சிக்கு ஒரு பிள்ளைப்பேறு பார்க்க வக்கில்லை என்று ஊர் பேசும். அந்தப் பேச்சை நீயா கேட்கப் போகிறாய்? நான்தான் கேட்க வேண்டும்.

பிறக்காத பிள்ளைக்கும் வராத சட்டத்துக்கும் இப்போதே முடிச்சுப் போடுகிறாய். அந்தக் காட்டில் உனக்கு என்ன உரிமை வேண்டிக்கிடக்கிறது? நீ போனது பிழைக்க. பிழைத்தது போதும், மாப்பிள்ளை ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடு.

மாயாண்டி


சுங்கை மெரா தோட்டம்,
30-7-1928

அண்ணனுக்கு,

போன கடுதாசியில் பாதிதான் எழுதினேன். மீதியையும் கேளுங்கள்.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச வேறு தோட்டத்துத் துரைமார்கள் எங்கள் துரை பங்களாவுக்கு வந்திருந்தார்கள். கிராணி பக்கத்தில் நின்றிருக்கிறார். எங்கள் துரை சொன்னாராம், "இவர்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளை பெறக்கூட ஊருக்குத்தான் ஓடுகிறார்கள். இவர்களுக்கு எதற்கு இந்த நாட்டில் உரிமை?" எல்லாரும் சிரித்தார்களாம். கிராணி இதைச் சொன்னபோது என் உடம்பெல்லாம் எரிந்தது.

நாங்கள் வந்த வருஷம் இங்கே காடு. அதை அழித்து ரப்பர் கன்று நட்டோம். மலைக்காய்ச்சலில் எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கன்றுகள் இப்போது மரமாகிவிட்டன; விடியும் முன்னே பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டுப் போய் அவற்றில்தான் பால் வெட்டுகிறேன். மரம் வேர்விட்டது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நட்டவள் மட்டும் வழிப்போக்கியாம்.

நம் வழக்கத்தையே எடுத்து நம் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறார்கள் அண்ணே. கழுத்தை நீட்ட நான் தயாரில்லை. அண்டை வீட்டு முத்தம்மா அக்காதான் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் பேறு பார்க்கிறாள். "பயப்படாத, நாங்க இருக்கோம் லா" என்கிறாள். ஊர் பேசினால், என் தங்கச்சி திமிர் பிடித்தவள், சொன்னால் கேட்க மாட்டாள் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கும் முதலில் மனசில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது தொட்டில் கட்ட உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ராக்காயி


மேலூர்,
26-8-1928

ராக்காயிக்கு,

துரை சிரித்தானென்று தாயை அழ வைக்கிறாய். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆட்டை விற்றுவிட்டேன்.

முடிவாக ஒன்று சொல்கிறேன். தாய்வீடு வேண்டாம் என்றவளுக்குத் தாய்மாமனும் வேண்டாம். நாளைக்கு உன் பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து என்று கடுதாசி போடாதே. உட்கார வைக்க என் மடி கிடையாது. இனி உனக்கு இங்கே வீடும் கிடையாது.

மாயாண்டி


சுங்கை மெரா தோட்டம்,
2-12-1928

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது அம்மாவுக்கு. படித்துக் காட்டுவது உங்கள் கடமை.

அம்மா, ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். வலி லேசில் விடவில்லை. பிழைக்க மாட்டேன் என்றே நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். நீ பக்கத்தில் இல்லையே என்று அப்போது அழுதேன், இப்போதும் அழுகை வருகிறது. மூன்று வீட்டுப் பெண்கள் மாற்றி மாற்றி என் தலையை மடியில் வைத்துக்கொண்டார்கள், வெந்நீர் வைத்தார்கள்; முத்தம்மா அக்கா பிள்ளையை எடுத்தாள். உன் பேரைத்தான் வைத்திருக்கிறோம், கருப்பம்மாள். உன் மூக்கு, அண்ணனுடைய கோபம். பால் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்தால் லயமே எழுந்து உட்கார்கிறது.

அந்தச் சட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்களாம். இதற்காகவா இவ்வளவும் என்று அண்ணன் சிரிப்பார். சிரிக்கட்டும். சட்டம் வந்தாலும் நான் இங்கேதான், வராவிட்டாலும் இங்கேதான். எண்ணுகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளட்டும்.

காதுகுத்துக்கு மடி கிடையாது என்று அண்ணன் எழுதினார். அது வலித்தது அம்மா, இல்லையென்று சொல்ல மாட்டேன். எதிர் வீட்டுச் சன்னாசி அண்ணன் தானே வந்து, "நான் உக்காருறேன் தங்கச்சி, எனக்கும் கூடப் பொறந்தவ யாரு இருக்கா இங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அங்கே வீடு இல்லை என்றதும் சரிதான். ஆனால் என் மகளுக்கு இங்கே இருக்கிறது. இவளைக் கட்டிக்கொடுத்து, இவள் வயிற்றில் ஒன்று தங்கினால், இவளும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள். கப்பல் ஏற வேண்டியதில்லை. தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் போதும், நான் வந்து அழைத்துக்கொண்டு போவேன்.

உன் மகள்,
ராக்காயி