ரெஹானாவின் நான்கு மார்க்

1981 மே 8, வெள்ளி

ரிசல்ட் பார்க்க ஆம்பூரிலிருந்து வந்த ரெஹானா, மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். எழுபத்தைந்துக்கு எழுதிய பரீட்சையில் அவளுக்கு 29. இருபத்தைந்துக்கு நான் போட்ட இன்டர்னல் 9. மொத்தம் 38. பாஸுக்கு நாற்பது வேண்டும்.

"மிஸ், அசைன்மென்ட்டுக்கு சைபர் போட்டிருக்கீங்க. நான் குடுத்தேனே."

"குடுத்திருந்தா மார்க் வந்திருக்கும். பொய் சொல்லாதே" என்றேன், மற்ற டீச்சர்கள் எல்லோர் முன்னாலும். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

மூன்று மணிக்கு அலமாரியை ஒழித்தபோது, வேறு வகுப்புக் கட்டுக்குள் அவள் அசைன்மென்ட் இருந்தது. ஐந்துக்கு நான்கு தரலாம். பிரின்சிபாலிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டியலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

ரெஹானாவை பஸ் ஸ்டாண்டில்தான் பிடிக்க முடிந்தது. "நாப்பத்திரெண்டு. நீ பாஸ்" என்றேன். "கூட்டல்ல ஏதோ தப்பு நடந்துடுச்சு."

அசைன்மென்ட் என்னிடமே இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்காக இவ்ளோ தூரம் வந்தீங்களே மிஸ். நீங்கதான் பாஸ் போட்டீங்கன்னு அம்மாகிட்ட சொல்றேன்."

பஸ் திரும்பும் வரை ஜன்னலிலிருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.