எந்த மிஷினுக்கு முதல் தண்ணீர்

அண்ணே,

பேத்தி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டியிருக்கிறாள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வளைந்து போகும் குழாய்களில் தண்ணீர். சூட்டை அந்தத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ஒரு சின்ன ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்புமாம். இன்று காலை அதை முதன்முதலாக ஓடவிட்டபோது, குழாய்க்குள் காற்று சிக்கிக் களகளவென்று சத்தம் வந்தது. கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நம் கொட்டகையின் ஆபரேட்டர் அறையில் கேட்ட அதே சத்தம்.

எழுபதுகளின் தொடக்கம். பங்காளிகள் நாம் இருவர் சேர்ந்து காரைக்குடியில் நடத்திய சினிமாக் கொட்டகை. புரொஜெக்டர் ஆளுக்கொன்று. உங்களுடையதில் ஒரு ரீல் முடியும்போது என்னுடையதில் அடுத்தது தொடங்கும். இரண்டில் ஒன்று போனாலும் கொட்டகை படுத்துவிடும். விளக்காக எரியும் கார்பன் குச்சியின் சூடு பிலிமைப் பொசுக்கிவிடாமல் இருக்க, பிலிம் ஓடும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தொட்டிக்குக் கீழே பம்பு. அதிலிருந்து ஒரே குழாய் உங்கள் மிஷினுக்குப் போய், பிறகு என் மிஷினுக்கு வந்து, பழைய லாரி ரேடியேட்டர் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும்.

கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பம், ஒரு ரப்பர் குழாயை மட்டும் சும்மா விடுமா?

"உங்க மிஷின் குளிச்ச தண்ணியில எம்மிஷின் குளிக்கணுமாக்கும்?" என்றேன்.

"வயசுல மூத்தவன் நான். அடுத்த பிறவியில வேணும்னா நீ முதல்ல பொற" என்றீர்கள்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது குழாயை மாற்றிப் பூட்டச் சொன்னேன். திரும்பி வந்து பழையபடி மாற்றினீர்கள். வரிசையில் எது முதலில் இருந்ததோ அந்த மிஷினின் குழாய் மூட்டுதான் கசிந்தது. பம்பை ஒட்டி நிற்பவருக்கு அழுத்தம் அதிகம். நாம் அதையும் மரியாதையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டு, அடியில் வாளி வைத்தோம்.

தீபாவளி நெருங்கியபோது, மிஷினைக் கழற்றித் தேவகோட்டைக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லிவிட்டீர்கள். சமாதானம் பேச வலையபட்டி மாமா வந்தார்.

"பம்பைத் தூக்கி நடுவுல வைங்கப்பா. ஒரு மிஷின் இங்குட்டு, ஒரு மிஷின் அங்குட்டு. அப்புறம் யாரு முந்தி, யாரு பிந்தி?"

அதைவிட நியாயமான தீர்ப்பை நம் வம்சம் கண்டதில்லை. அப்படியே பூட்டினோம். தொட்டியை விட்டு விலகிய பம்பு, உங்கள் மிஷினின் குறுகிய வழியாகத் தண்ணீரை உறிஞ்சி இழுக்க வேண்டியதாயிற்று. இழுத்த இழுப்பில் மூட்டு வழியாகக் காற்றும் உள்ளே வந்தது. தீபாவளி மேட்னி பாதியில் களகளவென்று சத்தம், தண்ணீர் நின்றது, சூட்டில் பிலிம் சிக்கிக்கொண்டது. திரையில் கதாநாயகியின் கன்னத்தில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி முகமெல்லாம் பரவியது.

"அம்மை போட்டிருச்சுடோய்!" என்றது தரை டிக்கெட்.

இருவரும் மேலே ஓடினோம். பம்பைத் தொட்டிக்குக் கீழே கொண்டுவந்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டித் தண்ணீரை ஓடவிட்டோம். பழையபடி என்றால், உங்களுடையது முதலில்.

"இந்த ஆட்டத்தோட சரி. மிஷின் எங்கூட வருது" என்றீர்கள்.

பதில் சொல்ல ஓர் அடி முன்னால் வந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று உங்கள் மிஷினைப் பார்த்தீர்கள், பிறகு என் காலை.

"கால எடு."

"ஏன், தரையும் உங்களுதா?"

"எடுறா."

தொட்டிக்குத் திரும்பும் குழாயை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எடுத்தேன். ஒவ்வொரு மிஷினிலும், தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க, கண்ணாடிக்குள் சுழலும் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு அல்லவா? உங்கள் சக்கரம் வேகமெடுத்தது. என்னுடையதும் கூடவே. இப்போது நீங்கள் மிதித்தீர்கள். இரண்டும் தளர்ந்தன. ஓட்டத்தின் கடைசியில் கால் பட்டால், வரிசையின் முதலில் நிற்பது அந்தக் கணமே தளர்கிறது. எடுத்தால் இரண்டும் ஒரே வேகம். இருவர் மிஷினுக்கும் முன்னும் பின்னும் குழாயைத் தொட்டுப் பார்த்தோம். சூட்டிலும் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சக்கரங்கள் நாள் தவறாமல் நம் கண்முன்னால் ஒன்றுபோலச் சுற்றியவைதான். எது முதலில் என்று பார்த்தோமே தவிர, எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

"இதுல முதல்னு ஒண்ணு இல்லையேடா" என்றீர்கள், சன்னதியில் பேசுகிற குரலில். கீழே ஜனம் பெஞ்சை உடைத்துக்கொண்டிருந்தது. நாம் மாறி மாறி மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மிஷின் இங்கனயே கிடக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னீர்கள். கொட்டகை இருந்தவரை அது அங்கேயே கிடந்தது.

கம்ப்யூட்டரில் எது முதலில் வரவேண்டும் என்று பேத்தியிடம் கேட்டேன். "தொட்டிக்குக் கீழ பம்பு இருந்தாப் போதும் தாத்தா. மத்தது எப்படி இருந்தாலும் ஓட்டம் ஒண்ணுதான்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நமக்கு ஒரு தீபாவளியும் ஒரு கதாநாயகியும் செலவான விஷயம்.

நீங்கள் போன அன்று, வாய்க்கரிசி போடப் பங்காளிகளில் மூத்தவன் என்று என்னை முதலில் கூப்பிட்டான் உங்கள் மகன். ஒருவர் பின் ஒருவராக உங்களைச் சுற்றி வரக் கூட்டம் காத்திருந்தது. "எல்லாரும் போடட்டும்ப்பா, நான் கடைசியில வாரேன்" என்றேன். அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபம் சாவிலும் தீரவில்லை என்று ஊர் இன்றுவரை பேசுகிறது. சொன்னால் புரிந்துகொண்டு சிரிக்கக்கூடிய ஒரே ஆளான நீங்கள், அந்த வட்டத்தின் நடுவில் படுத்திருந்தீர்கள்.