இறங்காத மூடி

செவ்வாய்க் கோள், நாள் 212. காலை 7:10
இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இதைக் கண்டெடுப்பவர் படிக்கட்டும்.
பயிர்க்கூடத்தின் வெப்பம் சரி. உருளைக்கிழங்கு நலம். டிராக்டர் நலம்: பூமியிலிருந்து வந்த பழைய வண்டி, இன்ஜினுக்குப் பதில் மோட்டார். வெயில் விழ, கூடத்தின் கண்ணாடிக் கூரைமேல் இருக்கும் இரும்பு மூடியைத் தினமும் தூக்குவது அதன் ஹைட்ராலிக் குழாய் தரும் எண்ணெய் அழுத்தம்தான். சிலிண்டர் ஒருவழி. எண்ணெய்க்குத் தூக்க மட்டுமே தெரியும். மூடி தன் எடையால்தான் இறங்க வேண்டும். இங்கே எடை பாதிகூட இல்லை. மாலைக் குளிரில் எண்ணெய் கூழாகி, சிலிண்டரை விட்டு வெளியேற மறுக்கிறது.
இருவழிச் சிலிண்டர் கேட்டு இரண்டு முறை எழுதினேன். பூமியில், எனக்கு வரவேண்டிய தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கனகசுந்தரம் ஒலிச்செய்தியில் சிரித்தான்: “பூமியில இறங்குதுல்ல? அங்க மட்டும் பறந்தா போயிடும்?”

11:30
மூடிமேல் பாறைகளைக் கட்டித்தான் இதுவரை சமாளித்தோம், நானும் பயிர் ஆய்வாளர் ஜெசிந்தாவும். இங்கே இருப்பது நாங்கள் இருவர்தான். இன்று கனகசுந்தரத்தின் ஆணை: “அடுத்த கப்பல் விழா வீடியோல அந்தக் கல்லு அசிங்கமா தெரியுது. எடுத்துடுங்க.”
எடுத்தோம். எனக்குக் கோபம்.

மாலை 5:50
மூடி பாதியில் நிற்கிறது. இருட்டுவதற்குள் மூடாவிட்டால் பயிர் உறைந்துவிடும். எங்கள் சாப்பாடே அதுதான். பாறைகளைத் திரும்ப ஏற்ற நேரமில்லை.
ஜெசிந்தா மூடிமேல் ஏறி நிற்கிறாள். வானொலியில் அவள் குரல்: “அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு என்னைக் குண்டுன்னு கேலி பண்ணுவாரு. வந்து பாக்கச் சொல்லுங்க, நான் ஏறியும் அசைய மாட்டேங்கு!”

6:05
“கீழ போயி குழாயக் கழட்டி எண்ணெய விட்டுருதேன்.”
“அடியில போகாத, ஜெசிந்தா! வெளிய வா!”
“ஒரு நிமிசம் அண்ணாச்சி. சும்மா பதறாதீய.”

6:09
இறங்கிவிட்டது. ஒரே வீச்சில்.
எடை இங்கே குறைவுதான். நசுக்க அது போதும்.

நாள் 213. காலை 8:00
பூமியிலிருந்து: “ஜெசிந்தா விதியை மீறிக் குழாயைக் கழற்றியதே விபத்துக்குக் காரணம். அவ்வாறே பதிவு செய்யவும்.”
மாட்டேன். அடுத்த கப்பலில் ஆறு பேர். அதே சிலிண்டர். அதே மூடி.

8:40
இந்தப் பக்கங்களை அப்படியே பொது அலைவரிசையில் விடுகிறேன். பெயர் போடப்போவதில்லை. போட்டால், நாற்காலி கிடைக்காதவன் புலம்புகிறான் என்பான் அவன். ஆறு பேரும் அதை நம்பிக் கப்பலேறுவார்கள்.
இங்கே மிச்சம் இருப்பது ஒருவன்தான். யார் எழுதியது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கண்டுபிடிக்கட்டும்.
அனுப்புகிறேன்.