மெஷின் கண்ணுக்குத் தெரியாத பாட்டில்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நான் நலம், அப்பா நலம், நம் வீட்டுக் குப்பையும் கழுவித் துடைத்து வகைவகையாகப் பிரிந்து எங்கள் இரண்டு பேரையும்விட நலமாக இருக்கிறது. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வீடியோ காலில் உன் முகம்தான் அப்படிச் சொல்லவில்லை. தங்கை பரீட்சை எழுதிவிட்டு இரண்டு நாளாகத் தூங்குகிறாள். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, பிஸ்கட் தின்றுவிட்டு உறையைச் சட்டைப் பையில் ஒளிப்பது மட்டும் குறையவில்லை. எந்தத் தொட்டியில் போட்டாலும் திட்டு விழுகிறதாம், அதற்குப் பையே மேல் என்கிறார். போன வாரம் அது துணியோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வெள்ளைச் சட்டை முழுக்கப் பிஸ்கட் தூள். எல்லாம் நீ அனுப்பிய குப்பை பிரிக்கும் வீடியோவால் வந்த வினை. கழுவு, காயவை, பிரி என்று நீ சொன்னாலும் சொன்னாய், உன் அம்மா இப்போது இந்தக் குடியிருப்பின் குப்பை ராணி. முன்னால் மேடம் என்கிறார்கள், பின்னால்தான் ராணி. மூன்றாம் மாடித் தையல்காரர் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியில் ஓடுகிறார். உங்கள் கம்பெனி இலவசமாகக் கொடுத்த நீலத் தொட்டியில் ‘உலகம் உங்கள் கையில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கை ஏன் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்துக் கிடக்கிறது என்று உங்கள் முதலாளியைக் கேட்டுச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குடியிருப்பிலிருந்து எங்களைக் குப்பை பிரிக்கும் கூடத்துக்கு வேனில் அழைத்துப் போனார்கள். நீ டிசைன் செய்து விருது வாங்கிய கறுப்பு ஷாம்பு பாட்டில் அங்கே வரும், அப்போது எல்லார் முன்னாலும் உன் பெருமையை அவிழ்த்துவிடலாம் என்று வழியெல்லாம் வாயை அடக்கிக்கொண்டு போனேன். எனக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று உனக்கே தெரியும். பாட்டிலும் வந்தது. பெல்ட்டில் ஓடும் பொருள்மீது மெஷின் ஒளியைப் பாய்ச்சுகிறது, திரும்பி வரும் ஒளியை வைத்து இது பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்து ஒதுக்குகிறது. கறுப்பு அந்த ஒளியை அப்படியே விழுங்கிவிடுமாம். அதனால் வெள்ளைப் பாட்டில், நீலப் பாட்டில் எல்லாம் சமர்த்தாக ஒதுங்க, உன் பாட்டில் மட்டும் மகாராஜா மாதிரி நேரே போய்க் கழிவுக் குவியலில் விழுந்தது. நான் மூடியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி, வெயிலில் கவிழ்த்து வைத்ததெல்லாம் அதன் கடைசிக் குளியல். நான் வாயைத் திறப்பதற்குள் மேற்பார்வை பார்க்கும் அம்மாள், “இந்தக் கறுப்புப் பாட்டில எவன் கண்டுபிடிச்சானோ, அவனப் பெத்தவ முன்னாடி நின்னு நாலு வார்த்தை கேக்கணும்” என்றார். நான் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். “நல்லாக் கேளுங்க” என்று ஒத்து ஊதிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புத்தான் வந்தது, வீட்டுக்கு வந்தபிறகு அழுகை வந்தது. ஊரெல்லாம் உன்னைத் தூக்கி வைத்துப் பேசுகிறவள், அங்கே நீ யாரோ எவனோ என்பதுபோல நின்றேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மாதக் கடைசிக் கூட்டத்தில் கம்பெனியின் எல்லாப் பாட்டில்களையும் கறுப்பாக்கப் போகிறார்கள், கறுப்பு என்றால் கடையில் எடுப்பாகத் தெரியும் என்று பெரிய மேனேஜருக்கு ஆசை, ‘எதற்கு வம்பு, நானும் சரி என்று சொல்லிவிடுவேன்’ என்று அப்பாவிடம் சொன்னாயாமே. போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒன்றைக் கழுவினால் ஒன்றுதான் கண்ணா, நீங்கள் அந்த அறையில் தலையாட்டினால் லட்சக்கணக்கில் பாட்டில்கள் கழிவுக்குப் போகும். கழுவுவதை நிறுத்தப் போவதில்லை, தையல்காரரை அவ்வளவு லேசில் விடுவதாகவும் இல்லை. ஆனால் தப்பான பாட்டிலைச் செய்து தள்ளிவிட்டு, பொறுப்பை மட்டும் என் சமையலறையில் இறக்கி வைத்தால் எப்படி? வாயைத் திறந்தால் வேலைக்கு ஆபத்து என்று நீ பயப்படுவாய். எனக்கும் பயம்தான். தங்கை படிப்பு உன் சம்பளத்தில் ஓடுகிறது, அப்பா பென்ஷன் மருந்துக் கடைக்கே சரியாகப் போகிறது. இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்று சொல்லு என்கிறேன். தனியாகப் போய் மாட்டிக்கொள்ளாதே, கூட வேலை செய்கிறவர்களிடம் முதலில் பேசு, உன்னைப் போலவே எதற்கு வம்பு என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

காலையில் வெறும் காபியோடு ஓடாதே. மூக்குக் கண்ணாடியை மாற்று. நல்ல உடம்போடும் நிமிர்ந்த முதுகோடும் நீ நூறு வருஷம் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். அடுத்த மாதம் குடியிருப்பிலிருந்து இன்னொரு குழுவை அந்தக் குப்பைக் கூடத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நீ உன் ஆபீஸ் கூட்டத்தில் என்ன சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, இந்த முறை அந்த அம்மாளிடம், அவன் என் பிள்ளைதான் என்று சொல்லிவிடுவேன். கூட்டம் முடிந்ததும் மறக்காமல் போன் செய், என் பிள்ளைதான் என்றதற்கு அப்புறம் அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்